பாப்பாரப்பட்டிக் கப்பல்காரர்

தர்மபுரி மாவட்டத்தில் தண்ணீர் இல்லை என்பதற்காகச் சந்தோஷப்பட்ட ஒரே மனிதர் எங்கள் கப்பல்காரர்தான். நாங்களெல்லாம் வானத்தைப் பார்த்து மழை வருமா என்று ஏங்குவோம். அவர் அதே வானத்தைப் பார்த்து, "வந்துருவியா நீ?" என்று மிரட்டுவார்.

நான் அப்போது பாப்பாரப்பட்டியில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். அவருக்கு எதிர் வீடு. பஸ்களுக்கு முன்பக்க ஃபைபர் முகம் ஒட்டுவது, ஓட்டை விழுந்த தண்ணீர்த் தொட்டிக்கு ஒட்டுப் போடுவது, பாத்ரூம் கதவு செய்வது, இதெல்லாம் அவர் தொழில். ரேஷன் கார்டில் அவருக்கு ஒரு பெயர் கட்டாயம் இருந்திருக்கும். தெருவில் யாருக்கும் அது தெரியாது. தபால்காரரே "கப்பல்காரர் வூடு எதுங்க?" என்று கேட்டுக்கொண்டுதான் வருவார்.

கப்பல் வந்த அன்று எங்கள் தெருவுக்குக் குழாயில் தண்ணீர் வந்து எட்டு நாள் ஆகியிருந்தது. தெருமுனையில் தார்ப்பாய் போர்த்திய லாரி ஒன்று திரும்பியதும், தண்ணி லாரி என்று நினைத்துத் தெருவே குடங்களோடு ஓடி வரிசை கட்டிவிட்டது. வரிசையில் முதல் ஆள் செல்வி அக்கா. கப்பல்காரரின் மனைவி. தார்ப்பாயை இழுத்தால் உள்ளே பதினாறடி நீளத்துக்கு ஒரு மோட்டார் படகு. பக்கத்தில் மாப்பிள்ளை மாதிரி கப்பல்காரர் நின்றுகொண்டிருந்தார். செல்வி அக்கா குடத்தை அங்கேயே போட்டுவிட்டு உள்ளே போனவர், இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேசியபோதும் படகைச் "சக்களத்தி" என்றுதான் குறிப்பிட்டார்.

ஏதோ ஒரு மலையூர் ஏரியில் சுற்றுலாக்காரர்களைச் சுமந்து சுமந்து ஓய்ந்து, ஏலத்துக்கு வந்த ஃபைபர் படகு அது. ஐம்பது வயது இருக்கும். நீண்ட மூக்கு, வளைந்த கண்ணாடி, பின்னால் அந்தக் காலத்துக் கார்களுக்கு இருந்த மாதிரி இரண்டு இறக்கை. அழகுதான், மறுக்க முடியாது. ஆனால் அடிப்பக்கம் பூராவும் கொப்புளம்.

"இதுக்கு அம்மை போட்டிருக்குதுங்க சார்," என்றார் என்னிடம். "ஃபைபரு தண்ணி குடிக்காதுன்னு எல்லாரும் நெனச்சிக்கிறாங்க. குடிக்கும். சொட்டு சொட்டாக் குடிக்கும். அம்பது வருசமாக் குடிச்சி, உள்ள இருக்கற பலகை பூரா ஊறிக் கெடக்குது. காய வெக்கணும். காய வெக்கறதுக்கு நம்ம ஜில்லாவ வுட்டா ஒலகத்துல வேற எடம் இல்லீங்க. படகுக்கெல்லாம் ஆஸ்பத்திரி கட்டணும்னா இங்கதான் கட்டணும்."

அவருக்கு இதில் முன்னனுபவம் உண்டு. முதலில் ஒரு சின்னப் படகை வாங்கி, யூடியூபில் யாரோ வெள்ளைக்காரர் செய்வதைச் சத்தம் இல்லாமல் கையை மட்டும் பார்த்துப் பழுது பார்த்திருக்கிறார். ஈரம் காயும் முன்பே அவசரப்பட்டுக் கடைசிப் பூச்சைப் பூசி, பண்ணை வைத்திருந்த ஒருவருக்கு விற்றுவிட்டார். ஆறாம் மாதம் அடிப்பக்கம் வீங்கி வெடித்தது. அவமானம் தாங்காமல் போய்த் திரும்ப எடுத்துக்கொண்டு வந்து, இரண்டாக அறுத்து மாட்டுக்குத் தொட்டியாக்கிவிட்டார். ஸ்டியரிங் வைத்த தொட்டியில் தவிடு தின்ற மாடு இந்தியாவிலேயே பாப்பாரப்பட்டியில் மட்டும்தான் இருந்திருக்கும்.

அன்றைக்கு அவர் போட்டுக்கொண்ட சட்டம் இது: படகை மாதா மாதம் எடை போட வேண்டும். எடை குறைந்தால் ஈரம் இன்னும் வெளியேறுகிறது என்று அர்த்தம். மூன்று மாதம் தொடர்ந்து ஒரே எடை காட்டினால் காய்ந்துவிட்டது. அதற்கப்புறம்தான் கடைசிப் பூச்சு, அதற்கப்புறம்தான் தண்ணீர்.

ஆகவே ஒவ்வொரு மாதமும் முதல் தேதி டிரெய்லரில் ஏறிப் படகு ஊர்வலம் போகும். தர்மபுரி ரோட்டில், புளி லாரிகளுக்கென்று இருந்த எடை மேடைக்கு. லாரிக்காரர்கள் ஹாரன் அடிப்பார்கள். எடை மேடைக்காரர் தலையில் அடித்துக்கொள்வார். "பின்னாடி பத்து டன் புளி நிக்குதுங்க. நீங்க அஞ்சு கிலோவுக்கு வந்து நிக்கறீங்களே!"

கப்பல்காரர் சீட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். பத்து கிலோ குறைந்திருந்தால் தெருவுக்கே தேன்மிட்டாய். நானும் வாங்கித் தின்றிருக்கிறேன்.

மழை பெய்தால் வீட்டில் துக்கம். அவர் வீட்டு ஓடு ஒழுகி செல்வி அக்கா பாத்திரம் பாத்திரமாக வைத்துக்கொண்டிருப்பார். வீட்டில் இருந்த ஒரே நல்ல தார்ப்பாய் படகின் மேல் இருக்கும். ஓர் ஆயுத பூஜைக்குச் செல்வி அக்கா சமாதானமாகப் போகலாம் என்று நினைத்து, சேர்த்து வைத்த நல்ல தண்ணீரில் இரண்டு குடம் ஊற்றிச் சக்களத்தியைத் தேய்த்துக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்துவிட்டார். கப்பல்காரர் பார்த்துவிட்டு அப்படியே தெருவில் உட்கார்ந்து அழுதார். "ரெண்டு மாச வெயிலு போச்சே செல்வி!" என்று அவர் அழுததைப் பார்த்து, யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறி நாலு பேர் ஓடி வந்தார்கள்.

வறட்சி முற்றிய ஒரு வருடம், பெண்கள் மழைச்சோறு எடுக்க வீடு வீடாக வந்தார்கள். வீட்டுக்கு வீடு சோறு வாங்கி, ஒன்றாய்ப் போட்டுத் தின்று, மழைக்காக அழுவது எங்கள் பக்கத்து வழக்கம். கப்பல்காரர் கதவை மறித்துக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க. நான் தெனமும் மழ வேணாம்னு கேட்டுக்கிட்டு இருக்கறன். என் வூட்டுச் சோறும் அதுல சேந்தா சாமி கொழம்பிடும்." அவ்வளவு நேர்மை. அந்த வருடம் கார்த்திகையில் வெள்ளமாய்க் கொட்டியது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஈரம் பார்க்க அவருக்கு இன்னொரு வழியும் தெரியும். சட்டைப் பையில் எப்போதும் ஒரு தடித்த ஐந்து ரூபாய்க் காசு இருக்கும். அதால் படகைத் தட்டுவார். நல்ல இடம் 'டண்' என்னும், நீர் கோத்த இடம் 'தொப்' என்னும். இந்தப் பழக்கம் முற்றிப்போய், கண்டதையெல்லாம் தட்ட ஆரம்பித்தார். ஒருவர் வீட்டுப் புதுமனை புகுவிழாவில் சாப்பிட உட்கார்ந்தவர் தரையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இருவத்திமூணு டைல்ஸ் ஒட்டலீங்க" என்று சபையில் அறிவித்தார். அடுத்த விசேஷத்துக்கு அந்த வீட்டிலிருந்து எங்கள் தெருவுக்கே பத்திரிகை வரவில்லை.

இந்தக் கூத்துகளுக்கு நடுவே அவர் இருமிக்கொண்டும் இருந்தார். அதை நாங்கள் சரியாகக் கேட்கவில்லை. ஃபைபரைத் தேய்க்கும்போது வெள்ளைத் தூசி மேகமாய்க் கிளம்பும். முகத்துக்கு ஒரு துண்டு, அவ்வளவுதான் அவர் பாதுகாப்பு. நடுநடுவே பீடி வேறு. ஒரு நாள் என் வீட்டு மாடிப்படி நாலு ஏறியதும் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். தர்மபுரி ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

டாக்டர் அவர் முதுகில் இடது விரலை வைத்து, வலது விரலால் தட்டித் தட்டிப் பார்த்தார். மேலே ஒரு சத்தம், கீழே ஒரு சத்தம். கப்பல்காரர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"டாக்டர், கீழ தொப்புங்குதுங்களே. நீர் கோத்திருக்குதுங்களா?"

டாக்டர் கையை எடுத்துவிட்டு, "நீங்க இந்தத் துறையா?" என்று கேட்டார்.

"ஆமாங்க," என்றார் கப்பல்காரர்.

ஊசி போட்டு ஒன்றரை லிட்டர் எடுத்தார்கள். "இப்ப என்னிய எடை மேடையில ஏத்துனா ஒன்றரை கிலோ கொறஞ்சிருக்கும் பாருங்க சார்," என்று சிரித்தார். நானும் சிரித்தேன். செல்வி அக்கா சிரிக்கவில்லை. பத்தே நாளில் மறுபடி நீர் கோத்தது. மூன்றாவது தடவை டாக்டர் என்னை அவருடைய அண்ணன் என்று நினைத்துத் தனியே கூப்பிட்டார். உள்ளே கட்டி, பரவிவிட்டது. தூசியாலா, பீடியாலா, இரண்டாலுமா என்று கேட்டேன். இனிமேல் அது தெரிந்து என்ன ஆகப்போகிறது என்கிற மாதிரி பார்த்துவிட்டு, "வருஷக் கணக்குல நினைக்காதீங்க" என்று மட்டும் சொன்னார்.

அது தை மாதம். படகு அதற்குள் எல்லா வகையிலும் முடிந்திருந்தது. உளுத்த பின்பலகையை மாற்றி, எஞ்சின் பூட்டி, சிவப்பும் பாலாடை நிறமுமாய்த் தளதளவென்று நின்றது. அடிப்பக்கத்தை மூடுகிற கடைசிப் பூச்சு மட்டும்தான் பாக்கி. இரண்டு மாதமாக எடை ஒரே மாதிரி, டிரெய்லரோடு சேர்த்து அறுநூற்றுப் பதினைந்து கிலோ. மூன்றாவது சீட்டு ஒன்றுதான் வர வேண்டும். ஊருக்கு வடக்கே ஏரியில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. ஆனால் வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. பங்குனிக்குள் ஏரி வற்றிவிடும். அடுத்த தண்ணீர் அடுத்த மழைக்குத்தான். அது வரை அவர் இருக்க மாட்டார் என்று அவர் உட்பட எல்லோருக்கும் தெரியும்.

"அதெல்லாம் பாக்க வேணாம், பூசுங்க. ஒருவாட்டி அதுல ஏறி ஒக்காருங்க," என்று செல்வி அக்கா கெஞ்சினார். ஆறு வருடம் அந்தப் படகைத் திட்டியவர்.

"மூணாவது சீட்டு வரட்டும்," என்றார் அவர். "ஈரத்த உள்ள வெச்சி மூடுனா அது பொய்யிதான? அத நான் ஒருவாட்டி பண்ணிட்டன்."

எனக்கு அவர்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. சாகப்போகிற மனுஷனுக்கு என்ன சட்டம் வேண்டிக் கிடக்கிறது?

மாசி முதல் தேதி அவரால் எழுந்திருக்க முடியவில்லை. படகை இழுக்கும் டிராக்டர்காரரோடு என்னை அனுப்பினார். செல்வி அக்கா தெருமுனை வரை பின்னாலேயே வந்தார். "சார், எப்படியாச்சும் அதே எடை வரணும்ங்க," என்றார். நான் ஸ்கூட்டரில் படகின் பின்னாலேயே போனேன்.

மேடையில் ஏற்றினோம். அறுநூறு. பதினைந்து கிலோ குறைவு. மற்ற மாதமென்றால் தேன்மிட்டாய். இன்றைக்கு அதற்கு அர்த்தம், ஈரம் இன்னும் உள்ளே இருக்கிறது, எண்ணிக்கையை மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

எடை மேடைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். சீட்டில் எண்ணை மாற்றித் தர முடியுமா என்று கேட்டேன்.

"மிசினு பொய் சொல்லாதுங்க சார்," என்றார். பிறகு உள்ளே போய்ப் பதினைந்து கிலோ புளி மூட்டை ஒன்றைத் தோளில் தூக்கி வந்து, படகுக்குள் வைத்தார். அறுநூற்றுப் பதினைந்து. சீட்டு வந்தது. மூட்டையை இறக்கிக்கொண்டார். அன்றைக்குப் பின்னால் நின்ற ஒரு லாரிக்காரரும் ஹாரன் அடிக்கவில்லை.

கப்பல்காரர் சீட்டை வெகுநேரம் பார்த்தார். அப்புறம் என்னைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து, படகுக்குள் எட்டிப் பார்த்தார். காசை எடுத்துப் பின்பக்கம் தட்டினார். தொப். எனக்கே கேட்டது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காசைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "காஞ்சிருச்சுங்க சார். பூசிரலாம்," என்றார்.

பூசியது நானும் செல்வி அக்காவும். வாசனை பட்டால் அவருக்கு மூச்சு முட்டும் என்பதால், தெருவுக்கு அந்தப் பக்கம் என் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இருமலுக்கும் இருமலுக்கும் இடையில் திட்டினார். "சார், அது படகுங்க, உங்க ஆபீஸ் பைல் இல்லீங்க. ஒரே எடத்துலயே தேய்ச்சிக்கிட்டு இருக்கறீங்க!"

ஏரியில் இறக்கிய அன்று மீன் குத்தகைக்காரர் கரையில் நின்று கத்தினார். மீன் எல்லாம் கலைந்துவிடும் என்றார். கப்பல்காரரை நாங்கள் கையில் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டு, அவரும் வந்து ஒரு கை பிடித்தார். எஞ்சின் கயிற்றை நான் ஐந்து முறை இழுத்தேன். ஆறாவது இழுப்பில் புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பியது. கப்பல்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் செல்வி அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டு அவர் தோளைப் பற்றியிருந்தார். இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில் நடு ஏரியில் எஞ்சின் நின்றுவிட்டது. நான் இறங்கி, இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில் தள்ளிக்கொண்டு கரைக்கு வந்தேன். அவர் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்காமல், அங்கிருந்தே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். பங்குனி பிறப்பதற்குள் போய்விட்டார்.

ஐப்பசியில் எனக்கு மாற்றல் வந்தது. சொல்லிக்கொள்ளப் போனேன். படகின் அடிப்பக்கம் மறுபடி கொப்புளம் கிளம்பியிருந்தது. அவர் சொன்ன மாதிரியேதான். அதற்கு மேல் என்னால் மூடி வைக்க முடியவில்லை. செல்வி அக்காவிடம் புளி மூட்டையைப் பற்றிச் சொன்னேன். சாகப்போகிறவரிடம் பொய் சொல்லிவிட்டேனே என்றேன்.

"அவருக்கு அன்னிக்கே தெரியும்ங்க சார்," என்றார் செல்வி அக்கா. "உள்ள புளி வாசம் அடிக்குதுன்னு சொன்னாரு. 'பாவம், சாரு இந்த வெயில்ல எடை மேடை வரைக்கும் போயி பொய்யி வாங்கியாந்து நிக்கறாரு. வேணாம்னா மொகம் சுண்டிப் போயிரும். இருக்கட்டும் வுடு செல்வி'ன்னாரு."

எத்தனையோ பேர் என்னிடம் ஏமாந்திருக்கிறார்கள். எனக்காக ஏமாந்தவர் அவர் ஒருவர்தான்.