பத்தடிக்குள்ளே பத்திரம்

என் முதுகு மேல ரெண்டு கான்ஸ்டபிள் படுத்திருந்தாங்க. மூக்கு கல்யாண மண்டபத்துத் தரையில நசுங்கிக் கிடந்தது.

"பாதுகாக்கப்படுபவர் இப்போது எந்த நிலையில் இருக்கிறார்?" என்று மைக்கில் கேட்டார் பயிற்சி அதிகாரி சுந்தரமூர்த்தி.

"பாதுகாப்பான நிலையில், ஐயா!" என்று மேலேயிருந்து கத்தினார் கான்ஸ்டபிள் ஜோசுவா.

"சார், மூச்சு வுட முடியல," என்றேன்.

"மூச்சு அஞ்சாம் நாள் பாடம். இன்னிக்கு மூணாம் நாள்தான்," என்றார் அவர், மைக்கிலேயே.

நடந்தது இதுதான். போன மாசம் பட்டப்பகலில் சம்பத்தோட டேங்கர் லாரி, தோல் பதனிடுற ஷாப்புக் கழிவுத் தண்ணியைப் பாலாற்றில் திறந்துவிட்டது. பாலத்து மேல நாப்பது பேர் நின்னு பார்த்தோம். போலீஸ் வந்து கேட்டப்போ முப்பத்தொன்பது பேருக்குக் கண்ணுல தூசி. நான் மட்டும் பார்த்தேன்னு சொன்னேன். பார்த்தேனே, வேற இன்னா சொல்றது? பிளஸ் ஒன் பாதியில நின்னவன் நான். கண்ணுல தூசி பாடம் பிளஸ் டூவில்தான் வரும்போல.

மறுநாள் சம்பத் எங்க வீட்டு வாசலுக்கே வந்தார். "தம்பி ஜோவின், கோர்ட்டுக்குப் போறியாமே? ரோட்டைப் பார்த்துத் தாண்டு. என் லாரிக்குச் சில நாள் பிரேக் புடிக்காது," என்றார். அன்பாத்தான் சொன்னார்.

ஸ்டேஷனில் போய் அதையும் சொன்னேன். "பாதுகாப்பு கண்டிப்பா குடுப்போம். எப்படிக் குடுக்குறதுன்னு முதல்ல கத்துக்கணும்," என்றாங்க. கடும் அச்சுறுத்தலுக்கு உள்ளான நபர்களைக் காப்பது குறித்து ஏழு நாள் முகாம் ஏற்பாடானது. பயிற்சிக்கு மிரட்டப்பட்ட ஆள் ஒருத்தன் வேணும். அது நான்.

மண்டப வாசலில் இருபதடிக்கு பேனர். 'ரகசிய சாட்சிகள் பாதுகாப்புப் பயிற்சி முகாம்.' அதில் ரகசிய சாட்சியான என் போட்டோ, பேர், கதவு எண். கீழே கொட்டை எழுத்தில்: 'பந்தல், பிரியாணி உபயம்: சம்பத் லாரி சர்வீஸ்.'

"சார், இவர்தான் என்னை மிரட்டினவர்."

"பொதுநலத்தில் ஆர்வமுள்ளவர்பா. மிரட்டினா என்ன, பிரியாணி போடக்கூடாதா?" என்றார் சுந்தரமூர்த்தி.

குண்டு துளைக்காத சட்டை ஒண்ணு வந்தது. பிளாஸ்டிக் கவரோடயே மாட்டிவிட்டாங்க. அழுக்காகாம திருப்பித் தரணுமாம். எனக்கு இது புதுசில்ல. நான் வேலை பார்த்த ஷூ கம்பெனியிலும் ஷூ வாங்குற வெளிநாட்டு பையர் வர்ற அன்னிக்குத்தான் கையுறையும் மாஸ்க்கும் பீரோவை விட்டு வெளிய வரும். அவர் கார் கேட்டைத் தாண்டினதும் பீரோவைப் பூட்டிடுவாங்க.

ஏழு நாளும் விதிகளை மனப்பாடம் பண்ணாங்க. விதி ஒன்று: பாதுகாக்கப்படுபவரைச் சுற்றிப் பத்தடிக்குள் எவருக்கும் எத்தீங்கும் நேரக்கூடாது. விதி இரண்டு: காவலரின் இரு கைகளும் எந்நேரமும் பாதுகாக்கப்படுபவர் மேலேயே இருக்க வேண்டும். ஜோசுவா என் தோளை விடவேயில்லை. சாப்பிடும்போதும் அவரே ஊட்டினார், கையை எடுக்கக்கூடாதுன்னு.

கடைசி நாள் எல்லாருக்கும் சான்றிதழ், சால்வை, குரூப் போட்டோ.

"அப்போ திங்கக்கிழமை கோர்ட்டுக்கு என்கூட யார் சார் வருவாங்க?"

"பாதுகாப்பு வேணும்னு படிவம் குடுத்தியா?" என்றார் சுந்தரமூர்த்தி.

பதினோரு பக்கம். கடைசியில் ஒரு கட்டம்: 'மிரட்டியவரின் ஒப்புதல் கையொப்பம்.'

"அவர் எப்படி சார் போடுவார்?"

"கேட்டியா? கேக்காமலே ஒருத்தரைச் சந்தேகப்படலாமா? பாதுகாப்பு குடுத்த பிறகு நான் மிரட்டவேயில்லைன்னு அவர் சொல்லிட்டா, அரசாங்கத்துக்கு எவ்ளோ பேஜாரு!"

போய்க் கேட்டேன். சம்பத் கண்ணாடியை மாட்டிக்கிட்டுப் பதினோரு பக்கமும் படிச்சார். "நல்ல திட்டமா இருக்குதே," என்று ஆளை அனுப்பி ஒரு ஜெராக்ஸ் எடுத்தார். மேலே தன் பேரை எழுதினார். 'மிரட்டலின் விவரம்' என்ற இடத்தில் 'சாட்சி சொல்லி ஜெயிலுக்கு அனுப்புவதாக' என்று எழுதி என்கிட்ட நீட்டினார்.

"நீ சாட்சி சொல்லுவேதானே?"

"சொல்லுவேன்."

"அப்போ கடைசிக் கட்டத்துல போடு கையெழுத்து."

உண்மைதானே? போட்டேன்.

"என்னுதுல?"

"நான் மிரட்டினேன்னு எழுதிக் குடுத்தா கேஸ் ஆயிடும் தம்பி. ஏற்கெனவே ஒண்ணு ஜாஸ்தி."

ரெண்டு படிவமும் பரிசீலிக்கப்பட்டன. என்னுடையது முழுமையற்றது. அவருடையது மாவட்டத்துக்கே முன்மாதிரி.

திங்கக்கிழமை கோர்ட்டுக்கு எதிர்ப்புறம் ஷேர் ஆட்டோவிலேர்ந்து எறங்கினேன். கொஞ்ச தூரத்தில் அதே டேங்கர் லாரி, இன்ஜின் ஓடிக்கிட்டு நின்னுது. டிரைவர் என்னையே பார்த்தான். எனக்கும் கோர்ட் கேட்டுக்கும் நடுவில் ரோடு. ரோட்டுல வெச்ச காலைத் திருப்பி எடுத்துக்கிட்டேன். சொல்றதுக்கு இன்னா வெட்கம்?

அப்போ சம்பத்தோட கார் என் பக்கத்தில் வந்து நின்னுது. அவர் எறங்கினார். ரெண்டு பக்கமும் கான்ஸ்டபிள், ஒருத்தர் ஜோசுவா. நாலு கையும் சம்பத் மேல. எல்லாம் என் மேல கத்துக்கிட்டது.

ஓடிப்போய் சம்பத்தை ஒட்டி நின்னேன்.

"டேய், எட்டப் போடா!"

"பத்தடிக்குள்ள யாருக்கும் ஒண்ணும் ஆவக்கூடாதுண்ணே. விதி ஒன்று."

"யோவ் ஜோசுவா, இவனைப் புடிச்சுத் தள்ளுய்யா!"

"கையை எடுக்கக்கூடாது சார். விதி இரண்டு," என்றார் ஜோசுவா, வருத்தமா.

லாரி ஒருமுறை உறுமிட்டு அடங்கிடுச்சு. முதலாளி மேலயே ஏத்த முடியாதில்ல? நாங்க நாலு பேரும் பொண்ணு மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி ஒண்ணா ரோட்டைத் தாண்டினோம்.

கேட்டில் வேடிக்கை பார்க்க அந்த முப்பத்தொன்பது பேரும் வந்திருந்தாங்க. அன்னிக்கு ஒருத்தர் கண்ணிலும் தூசியில்ல. பந்தோபஸ்துக்கு வந்திருந்த சுந்தரமூர்த்தி விசிலை ஊதினார்.

"யாரும் கிட்ட வரக்கூடாது! எல்லாரும் பத்தடி தள்ளி நில்லுங்க!"

முப்பத்தொன்பது பேரும் மறுபேச்சு பேசாம, டேப் வெச்சு அளந்த மாதிரி தள்ளி நின்னாங்க.

சாட்சி சொல்ல கோர்ட் படியில கால் வெச்ச என்னைப் பார்த்தும் அதையேதான் சொன்னார். நான் நிக்கல.