சிறுவாச்சூர்க் கிழமையில் திறந்த ஏலாக்குறிச்சிக் கடை

ஆண்டிமடம்,
செவ்வாய்க்கிழமை.

சென்னையில் குளுகுளு அறையில் உட்கார்ந்துகொண்டு அடுத்தவன் கடையைத் திறந்து மூடும் மருமகன் தமிழழகனுக்கு, மாமன் பாலசுந்தரம் எழுதுவது. உன் அம்மா, அதாவது என் அக்கா, நலமென்று நம்புகிறேன். இங்கே முந்திரி நலம். நான் நலமில்லை. போனில் பேசினால் இங்கிலீஷில் நழுவிவிடுவாய், அதனால்தான் தபால்.

பஸ் பஸ்ஸாக ஏறி முந்திரிப் பருப்புப் பொட்டலம் விற்றவன் நான். சிறுவாச்சூரில் கடை போட்டபோது, அங்கே மதுரகாளியம்மன் கோயில் நடை திறப்பது திங்களும் வெள்ளியும்தான் என்பதால், கிளவுடில் ஒரு கம்ப்யூட்டரை வாடகைக்குப் பிடித்து அந்த இரண்டு நாள் மட்டும் அது கண் விழிக்கும்படி வைத்தாய். கண்ணுக்குத் தெரியாத பெட்டி, ஆனாலும் பில் போட்டது, தராசோடு பேசியது. மெச்சினேன், இல்லையென்று சொல்லவில்லை.

பிறகு ஏலாக்குறிச்சியில் மாதா கோயில் பக்கம் இரண்டாவது கடை. இதற்கொரு பெட்டி எழுப்ப மூன்று வழி உண்டாமே, என் மகள் மேகலா சொன்னாள். திரையில் ஒவ்வொன்றாய்க் கையால் அழுத்திக் கட்டலாம். இந்தக் கடைக்கு இன்னின்ன வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் அதைப் படித்து அதுவே எழுந்து நிற்குமாம். இல்லையென்றால் ஓடுகிற பெட்டியை அப்படியே நகல் எடுக்கலாம். படித்த பிள்ளை நீ எதைப் பிடித்தாய்? நகலை! பழைய கடைச் சாக்கை உதறாமல் புதுக் கடைக்குக் கொண்டுபோனால் வண்டும் கூடவே குடிவரும் என்பது எங்கள் தொழிலில் மூட்டை தூக்குகிறவனுக்குக் கூடத் தெரியுமே!

போன வாரத்துக்கு முந்திய ஞாயிறு, ஏலாக்குறிச்சியில் மூன்று பஸ் நிறைய ஜனம். கடையைப் பார்த்துக்கொள்ளும் சின்னம்மாள் போன் பண்ணுகிறாள்.

"அண்ணே, பில்லு வரமாட்டேங்குது. இன்னிக்கு விடுமுறைங்குது."

"ஞாயித்துக்கெழம என்னம்மா விடுமுறை?"

"கீழ போட்டுருக்குண்ணே. நடை திறப்பு திங்கள், வெள்ளியாம்."

"கையில எழுதிக் குடேன்."

"பில்லு புக்கத்தான் போன மாசம் நீங்களே பழைய பேப்பருக்குப் போட்டுட்டீங்களே!"

பஸ் மூன்றும் போயிட்டுது. மறுநாள் திங்கள், பெட்டி ஜோராக விழித்தது, தெருவில் ஒரு ஆடு. வந்த ஒரே அம்மாவுக்கு பில் தலைப்பில் 'மதுரகாளியம்மன் துணை'. "ரெண்டு பேரு துணையும் இருக்கட்டும்ப்பா" என்று அவர் சிரித்துக்கொண்டே போனாராம். அவருக்கு இருக்கிற பொறுமை எனக்கில்லை.

உன்னிடம் கத்தினேன். நீ ஏலாக்குறிச்சிப் பெட்டியை ஞாயிற்றுக்கிழமைக்குத் திருத்தினாய். அதோடு விட்டாயா? இரண்டும் ஒன்றுபோல் இருக்கட்டும் என்று அதை நகல் எடுத்து சிறுவாச்சூரில் மாட்டினாய்! வெள்ளிக்கிழமை அங்கே கூட்டம் நெரிகிறது, பெட்டி தூங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை பெட்டி விழித்தது. கடையிலிருந்த அரியமுத்து போனில் சொல்கிறான், "மொதலாளி, இங்க நானும் அம்மனுந்தான் இருக்கோம். அவங்களும் கதவச் சாத்திட்டாங்க."

வருகிற ஞாயிறு ஏலாக்குறிச்சித் திருவிழா. கூடுதலாக இரண்டு கவுண்டர், இரண்டு பெட்டி வேண்டும். நானூறு கிலோ வறுத்து வைத்திருக்கிறேன், நமுத்துப்போனால் மாட்டுக்குக்கூடப் போட முடியாது. இன்னொரு தடவை பெட்டி தூங்கினால் சாவியை நடுரோட்டில் வைத்துவிட்டுப் போய்விடுவேன் என்கிறாள் சின்னம்மாள். செய்கிறவள்தான். ஆகவே நீ இனி என் பெட்டியைத் தொடாதே. பெரம்பலூரில் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன்.

நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். என் கடைகளுக்கு நூறு மைல் தள்ளியே இருக்க வேண்டும். அக்காவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
மாமன் பாலசுந்தரம்.

பி.கு.: உறையை ஒட்டுமுன் மேகலா படித்துவிட்டு, "அப்பா, இதக் கொஞ்சம் கேளுங்க" என்று போனில் பதிவாகியிருந்த பழைய பேச்சு இரண்டைப் போட்டாள். நீ, எழுதித்தான் எழுப்பணும், ரெண்டு நாள் குடுங்க மாமா என்கிறாய். அதற்கு ஒருவர், "எழுத்து வேலையெல்லாம் கணக்கப்பிள்ளைக்கு. ஓடுறத அப்படியே நகல் எடுறா!" என்று அதட்டுகிறார். அடுத்த பேச்சில், சிறுவாச்சூருக்கும் அதையே மாட்டு என்றதும் அவர்தான். இரண்டு முறை கேட்டேன், குரல் என்னுடையதேதான். இருந்தாலும் தப்பு உன்மேல். கம்ப்யூட்டர் படித்தவன் முந்திரிக்காரன் பேச்சைக் கேட்கலாமா? மேகலா இதைப் படம் பிடித்து அனுப்புகிறாள். தபாலுக்குக் காத்திராமல் நாளைக்கே பஸ் ஏறி வா. எழுதியே எழுப்பு. நான் குறுக்கே வந்து ஏதாவது சொன்னால், காதில் வாங்காதே.