முப்பது சதவீதம்

“பிரசன்னா, உங்க பக்கத்துல மாவு மெஷின் ஏதாவது ஓடுதா?” என்று மேனேஜர் கஜபதி கேட்டதும் ஆன்லைன் மீட்டிங்கில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள்.

ஓடியது பிரசன்னாவின் லேப்டாப்புக்குள் இருந்த ஃபேன். ஐயப்பன்தாங்கல் ஃப்ளாட்டில் மேற்குப் பார்த்த அறை, கம்பெனி கொடுத்த அரதப்பழசு லேப்டாப். மதியமானால் அதன்மேல் தோசை வார்க்கலாம். மைக்கை அணைத்தால் தூங்கிவிடுவார்கள் என்று, எல்லோரும் அதைத் திறந்தே வைக்க வேண்டும் என்பது கஜபதியின் சட்டம்.

“முதல்ல அந்தச் சத்தத்தை நிறுத்துங்க. வெள்ளிக்கிழமை டீம் லீட் யாருன்னு முடிவு பண்றேன்,” என்றார் கஜபதி.

“புது லேப்டாப் குடுக்கத் துப்பில்ல, பேச வந்துட்டான்,” என்று பிரசன்னா முணுமுணுத்தான். கஜபதி எதைச் சொன்னாலும் அவன் வாயில் இப்படி ஒரு பதில் வந்துவிடும். ஃபேன் சத்தத்தில் யாருக்குக் கேட்கப்போகிறது என்ற தைரியம். அவனுக்குப் பின்னால் சேர்ந்தவர்களெல்லாம் லீட் ஆகிவிட்டார்கள். எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

மறுநாள் டேபிள் ஃபேனை லேப்டாப்பின் பக்கம் திருப்பி வைத்தான்.

“இப்ப ரெண்டு மெஷினா?” என்றார் கஜபதி.

பிரசன்னா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கரையான்சாவடிக்குப் போனான். சர்வீஸ் கடை யூசுப் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறினான்.

“இன்னா அண்ணாத்தே, அடுப்பு கணக்கா கீது. பிராசஸர் நூறு பர்சென்ட்ல ஓடிகினு கீதுபா. பவர் செட்டிங்ஸ்ல அத்த எறக்கி வுடு. எவ்ளோ எறக்கறியோ அவ்ளோ சைலன்ட்.”

வீட்டுக்கு வந்து எண்பதில் வைத்தான். மாவு மெஷின் மிக்ஸியானது. அறுபதில் வைத்தான். அப்போதும் உறுமியது. கோபத்தில் ஒரேயடியாக முப்பதில் வைத்தான். சத்தம் செத்தது, வேகமும் செத்தது.

“நீங்க டைப் பண்ணது இப்பதான் ஒவ்வொரு எழுத்தா வருது,” என்றாள் மனைவி ஷோபனா, எட்டிப் பார்த்து. “சாப்ட்டு வாங்க, அதுக்குள்ள ஒரு வரி முடிஞ்சிருக்கும்.”

“நீ உன் வேலையப் பாரு.”

“கொஞ்சம் ஏத்தி வைங்களேன். அம்பதாவது வைங்க.”

“சத்தம் வந்தா அந்தாளு லீட் குடுப்பானா? வாயை மூடிட்டுப் போ.”

ஷோபனா தட்டை நங்கென்று வைத்துவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. மீட்டிங்கில் நுழையவே லேப்டாப் திணறியது. ஆனால் துளிச் சத்தம் இல்லை.

“அடடே பிரசன்னா, இன்னிக்கு உங்க லைன் கோயில் மாதிரி இருக்கு,” என்றார் கஜபதி. குரலில் அப்படி ஒரு சந்தோஷம். “நல்லது. முதல்ல ரிப்போர்ட்டைப் பாத்துடலாம். எல்லாம் சரியா இருக்கு, கலர்தான் பிடிக்கல. பச்சைல மாத்திடுங்க, எல்லா பக்கத்துலயும்.”

பிரசன்னாவுக்கு மண்டைக்குள் சுர்ரென்றது. ரிப்போர்ட்டில் இருந்த நீலத்தைப் போன வாரம் கேட்டதே இதே ஆள்தான். மறைக்கச் சத்தம் இல்லை என்பது நினைவு வந்து, சட்டத்தை மீறி, ஜாக்கிரதையாக மியூட்டை அழுத்தினான். பிறகு வாய்விட்டுக் கத்தினான்.

“இந்தாளு மண்டை காலி டேங்க். கலர் அடிக்கத்தான் லாயக்கு, பெயிண்டுக் கடை வெக்க வேண்டியதுதானே. இவன்கிட்ட வேலை பாக்கறதுக்கு ஆவடி மார்க்கெட்ல வெங்காயம் உரிக்கலாம்.”

அடுக்களையிலிருந்து ஓடி வந்த ஷோபனா திரையைக் காட்டினாள். மியூட் குறி அப்போதுதான் மெதுவாகச் சிவந்துகொண்டிருந்தது.

கஜபதியின் முகம் திரையிலிருந்து மறைந்தது. மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். உடனே அவனுடைய போன் அடித்தது. கூட வேலை பார்க்கும் ஸ்வாதி.

“ஸ்வாதி, எல்லாம் கேட்டுச்சா?”

“ஒரு வார்த்தை விடாம. ஏன் பிரசன்னா இப்படிப் பண்ணீங்க? ‘அந்தப் பையன் ஒவ்வொரு மீட்டிங்லயும் ஏதோ நல்ல ஐடியா சொல்றான், ஃபேன் சத்தத்துல எனக்குக் கேக்க மாட்டேங்குது, அது மட்டும் காதுல விழட்டும், லீட் அவன்தான்’னு சார் எங்க எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருந்தார்.”