கிரேக்க விமானத்துக்கு ரைட் கொடுத்தவள்

"…பெரிசா சொன்னியேடா, முழு ப்ளேனும் நம்மளுது, நாம ஏறாம எடுக்க மாட்டான்னு. இப்ப கையக் காட்னா நிக்கறதுக்கு அது இன்னா பஸ்ஸா?"

மீனம்பாக்கத்து இரும்பு வேலியைப் பிடித்துக்கொண்டு என் அக்கா கேட்டாள். நிறைமாதம். கையில் டிபன் கேரியர். வேலிக்கு அந்தப் பக்கம் நீலமும் வெள்ளையுமாக ஒரு விமானம். அதன் படிக்கட்டை இழுத்துப் போக இரண்டு பேர் கை வைத்துவிட்டார்கள். அதில் ஏற வேண்டிய சேவியர் மாமா, அக்கா புருஷன், பெட்டியோடு என் பக்கத்தில் நிற்கிறார். என் முகத்தைப் பார்க்காமல் விமானத்தையே பார்க்கிறார். திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

எழுபதுகளின் தொடக்கம் அது. ராயபுரத்தில் ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் நான் புது கிளார்க். (புது கிளார்க்குக்கு இருக்கிற தைரியம் கப்பல் கேப்டனுக்குக்கூட இருக்காது.) ஃபிட்டரான மாமா ஒரு வருஷத்துக்கு மேல் வேலையில்லாமல் இருந்தார். கிரேக்க சரக்குக் கப்பல் ஒன்றில் அவருக்கு இடம் கிடைத்தது. கப்பல் கிரேக்க நாட்டுத் துறைமுகத்தில் நின்றது. ஆட்களைக் கொண்டுபோக, தீவுகளுக்கு உல்லாசப் பயணிகளை ஏற்றிப் போகும் சின்ன கிரேக்க விமானக் கம்பெனி ஒன்றைப் பிடித்திருந்தார்கள்.

மேனேஜர் படித்துப் படித்துச் சொன்னார்: "கொழும்புல ஜனங்கள எறக்கிட்டு காலியா திரும்புற சார்ட்டர் ப்ளேன்பா அது. ஊருக்குப் போனதும் டைம்டேபிள் சர்வீஸ் ஓடணும். நிக்காது. வராதவன் எடத்துல கப்பல்காரன் வேற ஆளப் போட்டுக்குவான்."

என் காதில் விழுந்தது 'சார்ட்டர்' என்ற சொல் மட்டும்தான். எனக்குத் தெரிந்த சார்ட்டர், வருஷாவருஷம் நாங்கள் முழுசாக வாடகைக்குப் பிடிக்கும் வேளாங்கண்ணி ஸ்பெஷல் பஸ். அது கோயில் வாசலில் நிற்கும். யாராவது மறந்துபோன தலையணைக்காக வீட்டுக்கு ஓடுவார்கள். டிரைவர் நம் வீட்டு இட்லியைத் தின்றுகொண்டு காத்திருப்பார். ஆகாயத்திலும் அதுதான் வழக்கம் என்று முடிவு கட்டினேன்.

மற்ற ஆட்கள் விடிந்ததும் தாங்களாகவே போய்விட்டார்கள். "ஆபீஸ் ஆளே கூடகீறான்" என்று நம்பி நான் பிடித்த வாடகை வேனில் ஏறியவர் மாமா மட்டும்தான்; வழியனுப்ப அக்காவும் வந்தாள். தண்டையார்பேட்டையில் சித்தி வீட்டில் காப்பி. ராயபுரத்தில் மாதாவுக்கு மெழுகுவர்த்தி. அதன் பிறகு ரயில்வே கேட். ஹார்பர் கூட்ஸ் வண்டி முன்னால் போனது, நின்றது, யோசித்தது, அப்படியே பின்னால் வந்தது.

"மச்சான், நேரமாவுதுபா."

"கம்முனு வா மாமா. நம்ம ப்ளேனு."

கேட் திறந்தபோது மாமாவின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

அப்படித்தான் அந்த வேலிக்கு வந்து சேர்ந்தோம். வேலிக் கதவில் நின்ற காவலாளியிடம் நான் இங்கிலீஷில் விளக்கிக்கொண்டிருந்தேன். அது அவருக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. படிக்கட்டு மெல்ல அசைந்தது. மாமா பெட்டியைக் கீழே வைத்தார். திரும்பிப் போகிறவர் வைக்கிற மாதிரி வைத்தார்.

அதைப் பார்த்ததும் அக்கா திறந்திருந்த வேலிக் கதவுக்குள் நடந்தாள். நிறைமாதக்காரியைத் தொட்டுத் தடுக்கக் காவலாளிக்குக் கை வரவில்லை. விமானத்தை நோக்கிக் கையை உயர்த்தி, வண்டியை நிறுத்தச் சொல்லும் பஸ் கண்டக்டர் குரலில், "ஓல்டான்… ஓல்டான்" என்று சொல்லிக்கொண்டே போய்ப் படிக்கட்டின் கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

மேலே வாசலில் ஒரு மீசைக்காரர் எட்டிப் பார்த்தார். கடிகாரத்தைக் காட்டிக் கத்தினார். பிறகு அக்காவின் வயிற்றைப் பார்த்தார். சிலுவை போட்டுக்கொண்டார், நாங்கள் போடுவதற்கு எதிர்ப்பக்கமாக.

"மாத்திப் போட்டா இன்னா, சாமி ஒன்னுதான் நைனா. இவர ஏத்திக்கோ," என்றாள் அக்கா.

அவர் பெருமூச்சு விட்டு, மேலே வரச் சொல்லிக் கையசைத்தார். மாமா பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யார் எங்கே கிளம்பினாலும் முதலில் என்னைத்தான் கேட்பார்கள்: "இன்னா, சார்ட்டரா?"

அன்றைக்கு, மாமா உள்ளே போய் மறைகிற வரைக்கும் அக்கா அண்ணாந்து பார்த்தாள். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். படியேறிப் போய் டிபன் கேரியரை மீசைக்காரரிடம் நீட்டினாள். கீழே இறங்கி, படிக்கட்டின் தகரத்தில் உள்ளங்கையால் ரெண்டு தட்டு தட்டி, "ரைட், போலாம்" என்றாள்.