அட்டைப் பூட்ஸ் போட்ட மாப்பிள்ளை

என் கல்யாணத்தன்று நான் போட்டிருந்த பூட்ஸ் அட்டையால் ஆனது. இந்த உண்மையை நான் மறைத்து வைத்திருந்தது மொத்தம் அரை மணி நேரம்தான்.

அப்போது ஆம்பூரில் எங்கள் தோல் ஷாப்பில் தோலைப் பதனிட்டு அனுப்புவதோடு சரி. பூட்ஸ் தைக்கவும் ஒரு பிரிவு ஆரம்பிக்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. அதற்கு ஆள் எடுக்கும் பொறுப்பு பெரிய மேஸ்திரியிடம், அதாவது என் வருங்கால மாமனாரிடம் இருந்தது. நானோ சுண்ணாம்புத் தொட்டியில் நின்று கால்விரல் வெந்துகொண்டிருந்தவன். எப்படியாவது வெளியே வந்துவிட வேண்டும். கயிறே இல்லாத பூட்ஸ் ஒன்றை யோசித்து, அட்டையில் மாதிரி செய்துகொண்டு போய்க் காட்டினேன். அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"அட்டையெல்லாம் எனக்கு வேணாம் மாப்ள. கல்யாணத்தன்னிக்கு கால்ல போட்டுகினு வாங்க. நல்லா இருந்தா வேலை உங்களுக்கு. இல்லன்னா தொட்டியிலயே இருங்க."

ஒன்றரை மாதம் இருந்தது. தோலை வெட்டினால் வெட்டியதுதான், அட்டையில் எத்தனை தப்பு வேண்டுமானாலும் செய்யலாம் என்று அட்டையிலேயே செய்து பார்த்தேன். முதல் மாதிரியில் குதிகால் நிற்கவில்லை. இரண்டாவதில் கால் நுழையவில்லை. மூன்றாவதில் நுழைந்த கால் வெளியே வரவில்லை (அம்மா அரிவாள்மணையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்). ஆறாவது மாதிரி அச்சாக அமைந்தபோது, மறுநாள் கல்யாணம். தோலில் கத்தியே வைத்திருக்கவில்லை.

விளக்குக் கரியையும் கோந்தையும் குழைத்துப் பூசி, மெழுகு தேய்த்தேன். நிஜத் தோல் தோற்றுவிடும்போல் பளபளத்தது. அடிப்பக்கத்தை மட்டும் அப்படியே விட்டுவிட்டேன். அதை யார் பார்க்கப் போகிறார்கள்?

காலையில் தூறல். ஜட்காவிலிருந்து சர்ச் வாசலுக்குப் பத்தடிதான், ஆனால் அத்தனையும் ஈரம். எல்லோரும் செருப்பை வெளியே விட்டு வந்தார்கள். கோட்டும் சூட்டும் போட்ட மாப்பிள்ளைக்கு மட்டும் பூட்ஸுக்கு அனுமதி. மாமனார் முதல் வரிசையில் உட்கார்ந்து என் காலைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. வலது பூட்ஸின் முனை ஊறி மெத்தென்று ஆவது எனக்குத் தெரிந்தது. உடன்படிக்கை சொல்லும்போது குரல் நடுங்கியது (மணப்பெண் எஸ்தர் அதைப் பக்தி என்று நினைத்தாளாம்). ஓரக்கண்ணால் பார்த்தேன். மாமனார் மெல்லத் தலையாட்டினார். பிடித்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் தாங்கினால் போதும்.

"முழங்கால்படியிடுங்கள்" என்றார் பாதிரியார்.

அப்போதுதான் உறைத்தது. நாங்கள் பீடத்தைப் பார்த்து முழங்கால் போட்டால், அடிப்பக்கம் முழுச் சபையையும் பார்க்கும். நின்றுகொண்டே இருந்தேன். பாதிரியார் இரண்டாம் தடவை சொன்னார். அதற்குள் முழங்காலில் இருந்த எஸ்தர் என் கோட்டைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

படக்கென்று பூட்ஸ் பிளந்த சத்தத்தோடு முழங்கால் போட்டேன்.

அந்த அட்டை மருந்துப் புட்டிகள் வந்த பெட்டியிலிருந்து வெட்டியது. வலது காலின் அடியில் ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் 'இந்தப் பக்கம் மேலே' என்றிருந்தது. இடது காலில் 'கண்ணாடி, ஜாக்கிரதை'. பின்னால் யாரோ இருமினார்கள். பிறகு சபையில் பாதிப் பேருக்கு இருமல் வந்தது. ஜெபம் முடியவே கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

முடிந்ததும் மாமனார் என்னைப் பக்கத்து அறைக்கு அழைத்து, பூட்ஸைக் கழற்றச் சொன்னார். முன்பக்கம் மடிந்து பிளந்த இடத்தில் விரலை விட்டுப் பார்த்தார்.

"தோலுல செஞ்சிருந்தாலும் இங்கதான் போயிருக்கும். எத்தினி செஞ்சீங்க?"

"ஆறு."

"தோலு எவ்ளோ வீணாச்சு?"

"ஒண்ணுமே வெட்டல மாமா."

வெகுநேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திங்கட்கிழமை தொட்டிக்குப் போக வேண்டாம் என்றார். அன்று முதல் எங்கள் ஷாப்பில் எந்தப் புது பூட்ஸும் முதலில் அட்டையில்தான். அதை ஒருவன் போட்டுக்கொண்டு முழங்கால் போட்டுக் காட்டினால்தான் அவர் தோலை வெட்ட விடுவார்.

வீட்டில்தான் விமோசனம் இல்லை. குடும்ப ஜெபத்தில் நான் முழங்கால் போட்டால் என் பிள்ளைகள் ஒருவரும் கண்ணை மூடுவதில்லை. ஆமென் சொன்ன கையோடு எஸ்தர் பிள்ளைகளிடம் கேட்பாள்:

"அப்பா கால்ல இன்னிக்கு இன்னா எழுதியிருக்குது?"