அரைத்தலையும் என் கல்யாணத்தை மறுத்த மாடும்

மகாராஜாவின் யானை எதிரே வந்தால் ஓரமாக நின்று கும்பிடுகிற மைசூர்க்காரர்கள், அரைத்தலை எதிரே வந்தால் பக்கத்துச் சந்தில் நுழைந்து ஓடிவிடுவார்கள். யானை கேள்வி கேட்காது, அவர் கேட்பார் என்பதுதான் காரணம். "இன்னிக்கு வெயில் ஜாஸ்தி" என்று நீங்கள் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னால் போதும். "எதைவிட ஜாஸ்தி? நேத்து இதே நேரத்துக்கு நீங்க வெளியில நின்னீங்களா?" என்று பிடித்துக்கொள்வார். அப்புறம் நீங்கள் ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தால் அது பூர்வ ஜென்ம புண்ணியம்.

அக்ரஹாரத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் குடியிருந்தார். யுத்தம் வருவதற்கு முந்தைய காலம் அது. காலேஜில் மனோதத்துவப் பிரிவில் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை. மனோதத்துவம் என்றால் எங்கள் தெருவில் பாதிப் பேர் மெஸ்மெரிசம் என்றும், மீதிப் பேர் பேய் ஓட்டுவது என்றும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். வயது முப்பத்தைந்து இருக்கும், கல்யாணம் ஆகவில்லை. ஒருமுறை பெண் கொடுக்க வந்தவர் "எங்க பொண்ணு ரொம்ப சாதுங்க" என்றாராம். இவர் "வேற எத்தனை பொண்ணுங்களோட ஒப்பிட்டுப் பாத்துச் சொல்றீங்க?" என்று கேட்டிருக்கிறார். வந்தவர் தட்டிலிருந்த வெற்றிலையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பெயர்க் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். மார்க்கெட் பக்கத்தில் ஒரு கடையில், தடவினால் முடி முழங்காலைத் தொடும் என்று ஒரு தைலம் விற்றார்கள். ஊரே வாங்கியது. எங்கள் மாடிக்காரரும் வாங்கினார். வாங்கினவர் நேரே நாவிதரிடம் போய் மொட்டை அடித்துக்கொண்டு, ஊதாக் காப்பியிங் பென்சிலால் நெற்றியிலிருந்து பிடரி வரைக்கும் நடு மண்டையில் ஒரு கோடு போட்டுக்கொண்டு வந்தார். ஒரு பாதிக்குத் தைலம், மறு பாதிக்கு வெறும் தேங்காயெண்ணெய். இரண்டு சீசாவிலும் லேபிளை என்னையே கிழிக்கச் சொல்லி, எது எது என்பதை எனக்குள்ளேயே ரகசியமாக வைத்துக்கொள்ளச் சொன்னார்.

"ஏன் சார், உங்களுக்கே தெரியக் கூடாதா?"

"தெரிஞ்சா தைலம் போட்ட பக்கம் முடி அடர்த்தியா இருக்கிற மாதிரியே தோணும். என் கண்ணு எனக்கே பொய் சொல்லும்மா."

பெருமாள் கோயிலில் தீர்த்தம் கொடுக்க வந்த பட்டர், அந்த ஊதாக் கோட்டைப் பார்த்து, கையைப் பாதியில் நிறுத்திவிட்டார். "ஸ்வாமி, இது எந்த சம்பிரதாயம்?" என்று கேட்டார். அன்று முதல் அவர் அரைத்தலை. நேரில் மட்டும் 'சார்'.

முடி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளர்ந்தது. அந்தத் தலையோடு கடைக்குப் போய் நியாயம் கேட்டார். கடைக்காரர் தலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பக்கமும் நல்லாத்தானே வளந்திருக்கு ஸ்வாமி, இன்னும் என்ன குறை?" என்றார்.

"அதாங்க குறை!" என்று இவர் போட்ட சத்தத்தில் மார்க்கெட்டே திரும்பிப் பார்த்தது.

எங்கள் பக்கத்து ஓட்டல்காரருக்கும் இவரால் ஒரு சோதனை வந்தது. "எங்க மசால் தோசையை நல்லா இல்லன்னு ஒருத்தர் சொன்னதில்ல சார்" என்று அவர் பெருமை அடித்துக்கொண்டார். அரைத்தலை எழுந்து வாசலுக்குப் போனார். தெருவில் போகிறவர்களை ஒவ்வொருவராக நிறுத்தி, "நீங்க ஏன் உள்ள போகல?" என்று விசாரிக்க ஆரம்பித்தார். ஓட்டல்காரர் கரண்டியோடு ஓடி வந்தபோது, "உள்ள உக்காந்து சாப்பிடறவன் நல்லா இருக்குன்னுதான் சொல்வான். பிடிக்காதவன் வரவே மாட்டானே, அவனை யார் கேக்கறது?" என்றார். அதற்கப்புறம் அவருக்கு அந்த ஓட்டலில் தோசை கிடைக்கவில்லை.

என் அம்மாவிடமும் வாலாட்டிப் பார்த்தார். ஒருநாள் அவர் படியிறங்கி வரும்போது அம்மா, "இப்பத்தான் நெனச்சேன் தம்பி, வந்துட்டீங்க. உங்களுக்கு நூறு வயசு" என்றாள்.

"நீங்க நெனச்சு நான் வராம இருந்த நாளெல்லாம் ஞாபகம் இருக்காம்மா? அது மறந்துபோயிடும், இது மட்டும் நிக்கும். ஒண்ணு பண்ணுங்க. நெனச்சு வந்தா இந்த டப்பாவுல ஒரு புளியங்கொட்டை, நெனச்சு வரலன்னா அந்த டப்பாவுல ஒண்ணு."

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "தாலி கட்டின மனுஷனையே நான் கொட்டை போட்டு நெனச்சதில்ல. போங்க தம்பி, வேலையப் பாருங்க."

இப்படி ஊரையே ஆட்டி வைத்தவர் என் கல்யாணத்தில் தலையிட்டதுதான் நான் சொல்ல வந்த விஷயம்.

எனக்கு பம்பாயிலிருந்து ஒரு வரன் வந்தது. ரயில்வேயில் வேலை. பெண் பார்க்க வந்தபோது அவருடைய அத்தை "பொண்ணுக்குச் சமையல் தெரியுமா?" என்று கேட்டார். அதற்கு மாப்பிள்ளை, "எனக்குத் தெரியும் அத்தை" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கே நான் விழுந்துவிட்டேன். கட்டினால் இவரைத்தான் கட்டுவது என்று மனசுக்குள் முடிவு செய்து, வெளியே மட்டும் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். அப்பாவுக்கும் பரம திருப்தி. தட்டு மாற்ற வேண்டியதுதான் பாக்கி.

அந்தச் சமயம் பார்த்துத் தெருவில் மாட்டுக்காரர் வந்தார். கழுத்து நிறைய மணியும், முதுகில் பட்டுத் துணியுமாக அலங்கரித்த மாடு. இவர் மேளத்தைத் தட்டிக்கொண்டு கேள்வி கேட்பார், மாடு தலையாட்டிப் பதில் சொல்லும். தமிழ்நாட்டில் பூம்பூம் மாடு என்பார்கள், எங்கள் ஊரில் அது பசவண்ணன். அதன் வாக்கு தெய்வ வாக்கு. அம்மா முறத்தில் அரிசியோடு போய் நின்று, "பசவண்ணா, என் பொண்ணை பம்பாய்க்குக் கட்டிக் கொடுக்கலாமா?" என்று கேட்டாள்.

மாடு தலையை இடமும் வலமுமாகப் பலமாக ஆட்டியது.

"ஆகல்லவந்தெ தாயி," என்றார் மாட்டுக்காரர். "வேண்டாம்னு சொல்லுது. பசவண்ண பொய் ஹேளல்ல, சொல்லவே சொல்லாது."

அம்மா உள்ளே வந்து, வரனை வேண்டாமென்று எழுதிவிடச் சொன்னாள். அப்பா பேப்பரை மடித்து வைத்து, திரும்பப் பிரித்து, மறுபடி மடித்து வைத்தார். அம்மாவை எதிர்த்து அவர் செய்யக்கூடிய உச்சபட்சக் காரியம் அதுதான்.

நான் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். அரைத்தலை இறங்கி வந்தார்.

"ஏம்மா அழறே?"

"மாடு வேண்டாம்னுடுச்சு சார்."

வேறு யாராக இருந்தாலும் ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லியிருப்பார்கள். இவருக்கு முகமெல்லாம் மலர்ந்தது. "எந்த மாடு? மறுபடி எப்போ வரும்?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவர் நேரே அப்பாவிடம் போய், மாடு மறுபடி வரும்வரை பம்பாய்க்கு எதுவும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். காரியத்தைத் தள்ளிப்போடுவதில் அப்பாவை மிஞ்ச ஆள் கிடையாது. உடனே ஒப்புக்கொண்டார்.

அடுத்த வாரம் எங்கள் வீட்டு முற்றத்தில் பரிசோதனை. தெரு முழுக்கக் கூடிவிட்டது. பசவண்ணனுக்குப் புண்ணாக்கு, தனக்கு ஒரு வேஷ்டி என்று பேசிக்கொண்டு மாட்டுக்காரரும் வந்துவிட்டார். அரைத்தலை இரண்டு கூடைகளைக் கவிழ்த்து, ஒன்றின் கீழே வாழைப்பழம் வைத்தார். கேள்வி கேட்பதற்குள் மாடு கூடையைத் தள்ளிவிட்டுப் பழத்தைத் தின்றது. தெரு கைதட்டியது.

"இது மூக்கோட வேலை, ஞானம் இல்ல" என்று சொல்லிவிட்டு, பழத்துக்குப் பதிலாக காலேஜிலிருந்து கொண்டுவந்த பித்தளைக் குண்டை வைத்தார். மாட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒளித்து வைத்து, "இந்தக் கூடையா?" என்று கேட்டால், மாடு ஒவ்வொரு முறையும் சரியாகச் சொன்னது. பிறகு மாட்டுக்காரரை வாசலில் திரும்பி நிற்க வைத்துவிட்டு ஒளித்தார். அவர் வந்து மேளத்தைத் தட்டினார். பசவண்ணன் ஒரு தடவை சரியாகச் சொன்னது, அடுத்த தடவை தப்பாகச் சொன்னது, அதற்கப்புறம் வாய்க்கு வந்ததைச் சொன்னது.

மாட்டுக்காரருக்கு அழுகை வந்துவிட்டது. "சாமுண்டி ஆணை சாமி! நான் ஒண்ணும் சொல்லிக் கொடுக்கல்ல!"

"நீங்க சொல்லிக் கொடுக்கலீங்க. ஆனா உங்க கை சொல்லுது. ஆமான்னா மேளம் வேகமாகுது, இல்லன்னா தளருது. உங்களுக்கே அது தெரியல. மாட்டுக்குத் தெரியுது" என்று அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார் அரைத்தலை. "சரி, கல்யாண விஷயத்துல உங்க கைக்கு யார் சொல்றாங்க? அதைப் பாத்துடலாம். கேள்வி ஒண்ணுதான், கேக்கற ஆளை மட்டும் மாத்துவோம்."

அப்பா போய்க் கேட்டார். மாடு ஆமென்று தலையாட்டியது. என்னைக் கேட்கச் சொன்னார்கள். நான் வெட்கத்தில் இன்னும் வாயே திறக்கவில்லை, அதற்குள் மாடு தலையாட்டிய வேகத்தில் கழுத்து மணி ஒன்று அறுந்து விழுந்தது. தெரு சிரித்தது. அப்புறம் அம்மா கேட்டாள். மாடு இடமும் வலமுமாக ஆட்டியது.

"பாத்தீங்களா!" என்று அரைத்தலை துள்ளினார். "கேக்கறவங்க முகத்தை இவர் பாக்கறார், இவர் கையை மாடு பாக்குது. கேக்கறவங்க மனசுல என்ன இருக்கோ, அதுதான் மாட்டுத் தலையில வருது!"

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அவள் கையிலிருந்த முறத்து அரிசியில் இல்லாத கல்லைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

முற்றத்தில் இருந்தவர்களில் விஷயம் கடைசியாகப் புரிந்தது மனோதத்துவக்காரருக்குத்தான். புரிந்ததும் அவர் முகம் வாடிவிட்டது. "இல்ல இல்ல, மாடு களைச்சுப்போச்சு," என்று தடுமாறினார். "களைச்ச மாட்டோட பதில் செல்லாது. கூட்டம் வேற ஜாஸ்தி. இந்தப் பரிசோதனையே தப்பு. எல்லாரும் வீட்டுக்குப் போங்க." தன் வாழ்நாளிலேயே மிக அழகாக நடந்த பரிசோதனையைத் தானே மிதித்து அழிக்கப் பார்த்தார் அந்த மனுஷர்.

"சும்மா இருங்க தம்பி," என்றாள் அம்மா. "மாடு சரியாத்தான் சொல்லுது. ஒத்தப் பொண்ணு. பம்பாய் எங்கியோ கிடக்குது. இவங்கப்பா வீட்டுல இருந்தாலும் பேப்பரோடதான் பேசுவாரு. இவ போயிட்டா நான் யார்கூட பேசறது? நல்ல இடம்னு ஊரே சொல்லுது, வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரல. மாடு சொன்னதும் அப்பாடான்னு இருந்துச்சு."

நான் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டேன். பம்பாயும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்றேன். அந்த நேரத்துக்கு அதை மனசாரத்தான் சொன்னேன். அவள் என்னை விலக்கிவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாட்டின் முன்னே போய் நின்றாள். "இப்பக் கேக்கறேன் பசவண்ணா. கட்டிக் கொடுக்கட்டுமா?"

மாட்டுக்காரர் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். மேளம் வேகமாகி, தளர்ந்து, மறுபடி வேகமாயிற்று. பசவண்ணன் மேலும் கீழும் ஆட்டியது, பிறகு பக்கவாட்டில் ஆட்டியது, கடைசியில் என்ன செய்வதென்று தெரியாமல் தலையை வட்டமாகச் சுற்றியது. அம்மாவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

"இதுக்கு மேல அதைப் போட்டு வதைக்காதீங்க" என்று அரிசியைக் கொட்டிவிட்டு அப்பாவிடம் திரும்பினாள். "முகூர்த்தத்துக்கு நாள் பாக்கச் சொல்லுங்க."

கல்யாணம் நடந்து நான் பம்பாய் போனேன். அடுத்த வருஷம் ஊருக்கு வந்தபோது சாயங்காலம் கூடத்தில் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து, அரைத்தலை டவராவில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தார். யாரோடும் உட்கார்ந்து பேசிப் பழக்கமே இல்லாத மனுஷர் அவர்.

"இவரு என்னமோ ஆராய்ச்சி பண்றாராம்டி," என்றாள் அம்மா. "தனியா குடிச்சா காப்பி ருசியா, பேசிக்கிட்டே குடிச்சா ருசியான்னு. நீ ரயிலேறின மறுநாள் ஆரம்பிச்சது. தினம் டாண்ணு வந்துடறாரு."

அவரிடமே படித்த பாடத்தை அவரிடமே காட்டினேன். "ஒப்பிட்டுப் பாக்கணும்னா தனியா குடிக்கிற நாளும் வேணுமே சார். அது எப்போ?"

அரைத்தலை டவராவையே பார்த்தார். "அதை அப்புறம் பாத்துக்கலாம்மா" என்று மெதுவாகச் சொன்னார்.

அம்மா இருந்தவரைக்கும் அந்த நாள் வரவே இல்லை. அவ்வளவு மோசமான ஒரு பரிசோதனையை அவ்வளவு வருஷம் நடத்திய அந்த மனுஷரை நினைத்தால் இப்போதும் எனக்குக் கண் கலங்குகிறது.