நாலடித் தண்ணீரில் ஆழ்கடல் நிபுணர்

“அங்க சேஃப்பா?” என்று நீங்கள் கேட்டு வாயை மூடுவதற்குள் “நூறு பர்சென்ட் சேஃப்” என்று பதில் சொல்கிற டிராவல்ஸ்காரனை நம்பாதீர்கள். அனுபவத்தில் சொல்கிறேன். கேட்டுக் கெட்ட அனுபவம் இல்லை, சொல்லிக் கெட்ட அனுபவம்.

அப்போது எனக்கு வயது இருபத்தொன்பது. கல்யாணமாகி ஆறு மாதம். கிழக்குத் தாம்பரத்தில் ஓர் இனிப்புக் கடைக்கு மேல்மாடியில் இருந்த டிராவல்ஸ் ஆபீஸில் வேலை. திருப்பதி, காளஹஸ்தி, நவக்கிரகம், வருஷத்துக்கு இரண்டு காசி என்று எங்கள் பிழைப்பு பக்தியால் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் முதலாளி மூர்த்தி சார் சுருட்டிய போஸ்டர் ஒன்றோடு படியேறி வந்தார். விரித்தால் நீலத் தண்ணீர், சிவப்புப் பவளம், முதுகில் சிலிண்டர் கட்டிய ஒரு வெள்ளைக்காரர்.

“எவ்ளோ நாளுக்குத்தான் காளஹஸ்தியையே வித்துகினு இருக்கறது? இனிமே நாமளும் கடலுக்கு அடியில போறோம்” என்றார்.

“யார் சார் போறது?”

“கஸ்டமர்தான்பா. நாம இன்னாத்துக்கு?”

அது ஒரு குட்டித் தீவு. பெரிய விமானம், பிறகு சின்ன விமானம், பிறகு அரை நாள் படகு என்று மாறி மாறிப் போக வேண்டும். (பெயரைச் சொல்ல மாட்டேன். நடந்த எதிலும் அந்தத் தீவின் மேல் தப்பில்லை. பாவம், நான் ஒருத்தன் இருப்பதே அதற்குத் தெரியாது.)

போஸ்டர் ஒட்டி ஒரு வாரம் வரை எவரும் அதை ஏறிட்டுப் பார்க்கவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை ஸ்டெல்லா மேடம் வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஊரப்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு. இன்சூரன்ஸ் ஆபீஸில் க்ளெய்ம் பிரிவு. அதாவது, ‘சும்மா நின்ன வண்டி சார், தானா எரிஞ்சிடுச்சு’ என்று சொல்கிறவர்களின் முகத்தை இருபத்தைந்து வருஷமாகப் பார்த்துக்கொண்டிருப்பவர். இது எனக்கு அன்றைக்குத் தெரிந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

“நானும் என் பொண்ணு ஜெனியும் போலாம்னு இருக்கோம்” என்றார். “அவளுக்கு டைவிங்னா உயிரு. எனக்கு அவதான் உயிரு. அதனால கொஞ்சம் கேள்வி கேக்கணும்.”

பையிலிருந்து ஒரு நோட்டு வெளியே வந்தது. அப்போதாவது நான் உஷாராகியிருக்க வேண்டும்.

“அங்க சேஃப்பா?”

“நூறு பர்சென்ட் மேடம்.”

“ஆஸ்பத்திரி இருக்கா?”

“இருக்கு மேடம். பக்கத்துலதான்.”

“எதுக்குப் பக்கத்துல?”

இந்தக் கேள்விக்கு நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

“நீரோட்டம் எப்படி?”

“நல்ல நீரோட்டம் மேடம்.”

அதையும் எழுதிக்கொண்டு, பேனாவை மூடிவிட்டுக் கேட்டார். “நீங்க போயிருக்கீங்களா?”

‘இல்லை’ என்பது இரண்டரை எழுத்துச் சமாச்சாரம். சொல்லியிருந்தால் வேலை முடிந்தது. நான் சொன்னது, “ரெண்டு தடவை!”

ஒரு தடவை என்றாலே போதுமே, இரண்டாவது தடவை எதற்குப் போனேன் என்று இன்று வரை எனக்கு விளங்கவில்லை. எனக்கு நீச்சல் தெரியாது. கடலோடு எனக்கிருந்த உறவு முழங்கால் மட்டும்தான், அதுவும் காணும் பொங்கல் அன்று. ஆனால் இந்தப் பொய்க்கு எனக்கு முன்பழக்கம் உண்டு. பெண் பார்க்கப் போனபோது, “டிராவல்ஸ்னா நெறைய ஊரு பாத்திருப்பீங்களே?” என்று கேட்ட வருங்கால மாமனாரிடம், “தீவெல்லாம்கூட போயிருக்கேன்” என்று அடித்துவிட்டிருந்தேன். (ராமேஸ்வரமும் தீவுதானே? பூகோளப் பாடத்தில் இருக்கிறது.)

அடுத்த சனிக்கிழமையும் ஸ்டெல்லா மேடம் வந்தார். அதற்கடுத்த சனிக்கிழமையும் வந்தார். ஒரே கேள்வியை வேறு வேறு வழியில் கேட்டார். முதல் வாரம் நான் ஜனவரியில் போயிருந்தேன், மூன்றாவது வாரம் நல்ல மழைக்காலத்தில். எல்லாவற்றையும் நிமிராமல் எழுதிக்கொண்டார்.

“எங்க அபார்ட்மெண்ட்ல இன்னும் நாலு குடும்பம் வரேன்னு சொல்றாங்க. ஆனா எல்லாருக்கும் பயம்” என்றார் மூன்றாவது வாரக் கடைசியில். “அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை எங்க ஸ்விம்மிங் பூலுக்கு வந்து பேசுங்க. ஈ.சி.ஆர்.லேருந்து ஒரு கோச் சிலிண்டர் எல்லாம் எடுத்துட்டு வரார். நீங்கதான் ரெண்டு தடவை போனவராச்சே, மொதல்ல நீங்க இறங்கிக் காட்டுங்க.”

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளறையிலிருந்து மூர்த்தி சாரின் குரல் வந்தது. “காட்டுவான்மா! தாராளமா காட்டுவான்!”

புத்தியுள்ள மனுஷனாக இருந்தால் அந்த வாரமே அம்மை போட்டிருக்கும். எனக்கோ வேறு மாதிரி ஒரு வைராக்கியம் வந்துவிட்டது. எத்தனையோ பேர் ஆறு மாதத்தில் படித்து ஐ.ஏ.எஸ். ஆகிறார்கள், ஒரு வாரத்தில் என்னால் ஒரு முத்துக்குளிப்பவன் ஆக முடியாதா? தினமும் வேலை முடிந்து வந்ததும் குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு, பக்கெட் தண்ணீரில் தலையை விட்டு எண்ண ஆரம்பித்தேன். முதல் நாள் ஏழு. இரண்டாம் நாள் ஒன்பது. மூன்றாம் நாள் இருமல் தெருமுனை வரை கேட்டது.

என் மனைவி கலா கதவைத் தட்டினாள். “ஏங்க, பக்கெட்டுக்குள்ள இன்னா பண்றீங்க?”

“முகத்துக்கு நல்லதாம். ஃபோன்ல பாத்தேன்.”

“மூக்குல போனா நல்லதில்லையே” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கலா அதிகம் பேச மாட்டாள். மதுராந்தகம் பக்கம். ஆறு மாதத்தில் நான்தான் பேசியிருந்தேன், பெரும்பாலும் தீவுகளைப் பற்றி.

ஞாயிற்றுக்கிழமை காலை அவளும் வந்தாள். புருஷனுக்குப் பாராட்டு விழா என்ற நினைப்பில் மயில் கழுத்து நிறப் பட்டுப்புடவை. குளத்துக்கு மேலே மூர்த்தி சார் பேனர் கட்டியிருந்தார். அதில் என் கல்யாண ஃபோட்டோவிலிருந்து என்னை மட்டும் வெட்டி எடுத்து (தோளில் மாலையோடு), கீழே ‘ஆழ்கடல் நிபுணர்’ என்று போட்டிருந்தது. நாற்பது பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். போண்டா வேறு.

நான் பேசினேன். நன்றாகவே பேசினேன் என்று எதிரிகளும் ஒப்புக்கொள்வார்கள். அரை மணி நேரம் ஆயிற்று, கோச் வரவில்லை. வண்டலூர் தாண்டவே முடியவில்லை என்று ஃபோன் வந்தது. கூட்டம் நெளிந்தது.

“அவரு வர்ற வரைக்கும் நீ சும்மா கண்ணாடிய மாட்டிகினு ஒரு ரவுண்டு காட்டுப்பா” என்றார் மூர்த்தி சார்.

ஸ்டெல்லா மேடத்தின் மகள் ஜெனி தன்னுடைய சாமான்களைக் கொண்டுவந்து கொடுத்தாள். முகத்தை மூடும் கண்ணாடி, வாயில் கவ்விக்கொள்ளும் மூச்சுக்குழாய், வாத்துக்கால் மாதிரி நீண்ட இரண்டு ரப்பர் ஃபின்ஸ். மாட்டிக்கொண்டு நடந்தேன். இரண்டடி வைப்பதற்குள் என் காலை நானே மிதித்துக்கொண்டேன்.

“அண்ணா, ஃபின்ஸ் போட்டா பின்பக்கமா இல்ல நடக்கணும்?” என்றாள் ஜெனி.

“அது பழைய முறைமா” என்றேன்.

புதிய முறைப்படி இன்னும் ஓரடி முன்னால் வைத்தேன். தரை முடிந்துவிட்டது. தொபுக்கடீர்.

அடுத்து நடந்ததை இரண்டு கோணங்களில் சொல்ல வேண்டும். உள்ளேயிருந்து எனக்குத் தெரிந்தது நீலநிற டைல்ஸ், குமிழி, என் வாழ்க்கை. குழாய் வழியாக மூச்சு இழுத்தேன். குழாயின் மறுமுனையும் என்னோடு தண்ணீருக்குள்தான் இருந்தது என்பதால் ஒரு டம்ளர் குளோரின் உள்ளே போனது. மேலே எது, கீழே எது என்று தெரியவில்லை. ‘காப்பாத்துங்க’ என்று கையை வெளியே நீட்டி ஆட்டினேன்.

வெளியே நடந்ததைப் பிறகு வீடியோவில்தான் பார்த்தேன். என் கை வெளியே வரும்போதெல்லாம் கூட்டம் கை தட்டுகிறது. குழந்தைகள் டாட்டா காட்டுகிறார்கள். “பாத்தீங்களா, எப்படி மூச்ச அடக்கறான்!” என்று மூர்த்தி சார் போண்டாவோடு விளக்கம் கொடுக்கிறார். ஸ்டெல்லா மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் குறித்துக்கொள்கிறார்.

அந்த வீடியோவில் ஒரே ஓர் ஆள் மட்டும் எழுந்து நிற்கிறாள். “பக்கெட்டுத் தண்ணிக்கே இருமின மனுஷன்!” என்று ஒரு சத்தம். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பட்டுப்புடவையோடு, கலா குதிக்கிறாள்.

பம்புசெட் கிணற்றில் தலைகீழாகக் குதித்து வளர்ந்தவளாம். ஆறு மாதத்தில் ஒரு முறைகூட அவள் அதைச் சொன்னதில்லை. தெரிந்தவர்கள் அப்படித்தான் இருப்பார்கள் போலிருக்கிறது.

சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி, என் காதருகே கத்தினாள். “காலை ஊனி நில்லுங்க! நில்லுங்க சொல்றேன்!”

நின்றேன். தண்ணீர் என் நெஞ்சுக்குக்கூட வரவில்லை. சுவரில் ‘4 அடி’ என்று பெயிண்டில் எழுதியிருந்தது, என் மூக்குக்கு நேரே.

நாற்பது பேர் அமைதியாக இருந்தால் எப்படி இருக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த அமைதிக்குள் கேட்டைத் திறந்துகொண்டு கோச் ஓடி வந்தார். “சாரி, சாரி, டிராஃபிக்! யாருங்க அந்த எக்ஸ்பர்ட்?”

சிலர் பேனரைக் காட்டினார்கள்.

ஸ்டெல்லா மேடம் குளத்தின் விளிம்புக்கு வந்து நின்றார். “தம்பி, அந்த ரெண்டு தடவை...”

“போகல மேடம்.”

“ஒரு தடவைகூட?”

“கடல்லயே முழங்காலுக்கு மேல போனதில்ல மேடம்.”

பக்கத்தில் சொட்டச் சொட்ட நின்ற கலா மெதுவாகக் கேட்டாள். “அப்ப எங்கப்பாகிட்ட சொன்ன தீவு?”

“ராமேஸ்வரம்.”

அத்தனை நேரம் அடக்கி வைத்திருந்த சிரிப்பு நாற்பது பேரிடமிருந்தும் ஒரே சமயத்தில் வந்தது. மூர்த்தி சார் சிரிக்கவில்லை. அவர் பேனரை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்டெல்லா மேடமும் சிரிக்கவில்லை. “சரி, இப்ப சொல்லுங்க” என்றார். “என் பொண்ண கூட்டிட்டுப் போறேன். அந்தத் தீவு சேஃப்பா?”

“எனக்குத் தெரியாது மேடம்.”

அவர் நோட்டைத் திறந்து அதையும் எழுதினார். “மூணு வாரத்துல நீங்க சொன்னதுல இது ஒண்ணுதான் நம்பற மாதிரி இருக்கு. போய்த் தெரிஞ்சுட்டு வாங்க.”

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஈரத்தோடு ஆட்டோவில் உட்கார்ந்திருந்தோம். கலா புடவைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே வந்தாள். கூனிக் குறுகிப் போயிருந்தேன். ஆனால் அந்தப் பெண்மணி கேட்டது வீம்புக்குக் கேட்ட கேள்வி இல்லை என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. போஸ்டரில் இருந்த தண்ணீரில் நான் அவருடைய ஒரே மகளை இறக்கிவிடப் பார்த்திருக்கிறேன், நூறு பர்சென்ட் என்று சொல்லி.

மறுநாள் முதல் ஆரம்பித்தேன். அதே பக்கெட் வைராக்கியம்தான், இந்த முறை உருப்படியான வழியில். தீவில் டைவிங் நடத்துகிறவர்களுக்கு என் ஆங்கிலத்தில் எழுதினேன், பேசினேன், திருப்பித் திருப்பிக் கேட்டேன். ஈ.சி.ஆர். கோச்சிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு, எந்தக் கேள்வி கேட்க வேண்டும் என்று கேட்டு வந்தேன். பத்து நாள் கழித்து இரண்டு பக்கம் தயாரானது. தலைப்பு, ‘அங்கே எதெல்லாம் பாதுகாப்பில்லை’.

தீவில் ஆஸ்பத்திரி கிடையாது. ஒரு நர்ஸும் முதலுதவியும் மட்டும்தான். ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்து உடம்பில் காற்றுக் குமிழி கட்டிவிட்டால், அதற்கு வைத்தியம் செய்யும் அழுத்த அறை படகும் விமானமும் தாண்டித்தான். காற்றுக் காலத்தில் படகே ஓடாது. சில இடங்களில் நீரோட்டம் பழகியவர்களையே இழுக்கும், புதியவர்கள் கேட்டாலும் அங்கே இறங்கக் கூடாது. டாக்டர் சர்டிஃபிகேட் இல்லாமல் கிளம்பக் கூடாது. கடைசி டைவ் முடிந்து ஒரு முழு நாளாவது கழியாமல் விமானம் ஏறக் கூடாது. சாதாரணப் பயண இன்சூரன்ஸில் டைவிங் பெரும்பாலும் சேராது, கேட்டுச் சேர்க்க வேண்டும். கடல் சரியில்லை என்றால் ‘இன்னிக்குக் கிடையாது’ என்று முகத்துக்கு நேரே சொல்கிற ஆளோடுதான் இறங்க வேண்டும்.

மூர்த்தி சார் படித்துவிட்டுத் தலையில் கை வைத்தார். “இத்தப் படிச்சா எவனும் வண்டலூர் ஜூவுக்குக்கூட போக மாட்டான்பா.”

ஸ்டெல்லா மேடம் இரண்டு முறை படித்தார். காற்றில்லாத மாதம் எது என்று கேட்டார். பிறகு அந்த மாதத்துக்கு இரண்டு டிக்கெட் போடச் சொன்னார்.

“இதெல்லாம் படிச்ச பிறகுமா மேடம்?”

“இதெல்லாம் படிச்சதாலதான். ஆபத்து எங்க இருக்குன்னு தெரிஞ்சா பாத்து நடந்துக்கலாம். ஒண்ணுமே இல்லன்னு சொன்னாதான் எனக்குப் பயம்.”

போனார்கள். அங்கிருந்து ஒரு செய்தி வந்தது. ‘இன்று காற்று. படகு விடவில்லை. நீங்கள் எழுதியபடியே. கேரம் விளையாடுகிறோம்.’ அதற்கப்புறம் நான்கு நாள் செய்தியே இல்லை, எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் அம்மாவும் மகளும் டைவிங் கண்ணாடியின் தடம் பதிந்த முகத்தோடு சிரிக்கும் ஃபோட்டோ வந்தது. இப்போது எங்கள் ஆபீஸில் காளஹஸ்தி உட்பட எந்த ஊருக்கும் அந்த இரண்டு பக்கம் உண்டு. எழுதுவது நான்.

கலா என்னை மன்னித்தாளா என்று கேட்டால், நீச்சல் வகுப்பில் சேர்த்துவிட்டாள். அது மன்னிப்பா தண்டனையா என்று நான் கேட்கவில்லை. இப்போது நன்றாகவே நீந்துவேன். ஆனால் அதைப் பார்க்க என் மாமனார் வீட்டில் ஒருவருக்கும் நேரமில்லை, அவர்களிடம் வீடியோ இருக்கிறது. அங்கே எந்த விசேஷமாக இருந்தாலும், பந்தியில் ரசம் ஊற்ற வருகிறவர் என் இலைக்கு முன்னால் மட்டும் நின்றுவிடுவார். “மாப்ளே, பாத்து, ஆழமா இருக்கும்” என்பான் மச்சான். எதிர்வரிசையில் கலா சோற்றில் குழி வெட்டியபடி, தலை நிமிராமல், “நான் இங்கதான் கீறேன், நீ ஊத்துப்பா” என்பாள்.

முதல் இரண்டு வருஷம் கோபம் வந்தது. இப்போதெல்லாம் ரசவாளி வருவதைப் பார்த்ததுமே நானாகவே எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொள்கிறேன்.